பாரம்பரிய ஷேவிங் சாதனங்கள் சேகரிப்பு: மெர்க்கூர் 34சி-க்கு அடுத்து என்ன?

தாம்பரத்தான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். இப்போது என்னிடம் இருப்பவை: மெர்க்கூர் 34சி ரேசர் (இருபுறமும் கூருள்ள பிளேடு மாட்டும் பழைய பாணி), கடையில் கிடைக்கும் சாதாரண நைலான் பிரஷ், ட்யூப் கிரீம், ஒரு வட்ட சோப்பு. இதை ஒரு சிறிய சேகரிப்பாக வளர்க்க ஆசை. ஆண்டுக்கு 15,000 ரூபாய் வரை ஒதுக்க முடியும். கண்ணாடி அலமாரியில் அடுக்குவதற்கு இல்லை. வாங்கும் ஒவ்வொன்றும் முறை வைத்துப் பயன்பட வேண்டும்.

அடுத்த ரேசர் எந்த வகையில் இருக்க வேண்டும்? பழைய ஜில்லெட் ரேசர்களை ஆன்லைனில் 'அபூர்வம்' என்று போட்டு விற்கிறார்கள்; படத்தில் எதைப் பார்த்து முடிவெடுப்பது? வட்ட சோப்பில் நுரை நன்றாக எழுகிறது, ஆனால் முகத்தில் தடவிய ஒரு நிமிடத்துக்குள் அமுங்கிக் காய்ந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் போர் தண்ணீர். அப்புறம் பிரஷ்: பன்றி முடியா, பேட்ஜர் என்ற விலங்கின் முடியா, செயற்கை முடியா? வீட்டில் எல்லோரும் சைவம் என்பதையும் கணக்கில் எடுத்துச் சொல்லுங்கள். மடக்கும் சவரக்கத்தி ஒன்று சேர்க்கலாமா என்றும் ஒரு யோசனை உண்டு.


நுரைப்பதம் எழுதியது:

ரேசரைப் பிறகு பார்க்கலாம், முதலில் தண்ணீர். அதைச் சரிசெய்யாமல் எத்தனை உயர்ந்த சோப்பு வாங்கினாலும் இதே கதைதான்.

போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்பின் கொழுப்பமிலத்தோடு சேர்ந்து கரையாத வெள்ளைத் திப்பியாகிவிடும். குளியலறை வாளியின் ஓரத்தில் படிகிறதே, அதுதான். தண்ணீரில் சோப்பு கரையக் கரைய ஒரு பங்கு இப்படி வீணாகிறது. மிஞ்சிய சோப்பு குமிழி விடும், ஆனால் குமிழியின் சுவரைத் தாங்க ஆளில்லை. ட்யூப் கிரீம்கள் பலவற்றில் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் இ.டி.டி.ஏ. சேர்த்திருப்பார்கள். அதனால் அவை ஓரளவு தப்பிக்கின்றன.

சோதித்துப் பார்ப்பது சுலபம். ஒரு சிறிய பாட்டிலில் பாதி அளவு போர் தண்ணீர், இன்னொன்றில் பாதி அளவு ஆர்.ஓ. தண்ணீர் எடுத்து, இரண்டிலும் உங்கள் ஷேவிங் சோப்பிலிருந்து மிளகு அளவு சுரண்டிப் போட்டுக் குலுக்குங்கள். ஒன்று பால்போலக் கலங்கி நுரை படுத்துவிட்டால் காரணம் உறுதி. பாத்திரம் கழுவும் திரவத்தில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், அது கடினத் தண்ணீரிலும் நுரைக்கும். டி.டி.எஸ். மீட்டரையும் இதற்கு நம்ப வேண்டாம். அது எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும், கடினத்தன்மையை மட்டும் தனியாகச் சொல்லாது.

தீர்வு ஒரு டம்ளர் ஆர்.ஓ. அல்லது கேன் தண்ணீர். 200 மி.லி. போதும். பிரஷ்ஷை நனைப்பதும் நுரை கட்டுவதும் இந்தத் தண்ணீரில், முகம் கழுவுவது எந்தத் தண்ணீரிலும் இருக்கலாம். கடைசியாகப் பிரஷ்ஷை அலசும்போதும் இதிலேயே ஒரு முறை அலசிவிடுங்கள். இல்லாவிட்டால் முடியின் அடியில் திப்பி சேர்ந்து பிரஷ் விறைத்துப்போகும். ஏற்கெனவே விறைத்திருந்தால் ஒரு பங்கு வெள்ளை வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, ஐந்து நிமிடம் முடியை மட்டும் அமிழ்த்தி வைத்து அலசுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தால் கடினத்தன்மையில் ஒரு பகுதிதான் போகும், பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். மிச்சம் தண்ணீரிலேயே இருக்கும்.

இனி நுரை. பிரஷ்ஷை நனைத்து, சொட்டுவது நிற்கும்வரை உதறிவிட்டு, சோப்பின் மேல் 30 விநாடி சுழற்றுங்கள். பெரும்பாலானவர்கள் பத்து விநாடியில் நிறுத்திவிடுகிறார்கள். சோப்பு போதாத நுரையில் தண்ணீர் சேர்த்தால் பெரிய குமிழியாகக் கிளம்பி உடனே சாகும். பிரஷ் நுனியில் பசைபோலக் கெட்டியாக ஏறியதும் கிண்ணத்துக்கு மாற்றி, அரை டீஸ்பூன் தண்ணீர், இருபது சுழற்று, மறுபடி அரை டீஸ்பூன், இப்படியே போங்கள். மூன்று முதல் ஐந்து முறை ஆகலாம். குமிழி கண்ணுக்குத் தெரியாமல் பளபளவென்று கெட்டித் தயிர்ப் பதத்துக்கு வந்தால் சரி. பிரஷ்ஷைத் தூக்கும்போது எழும் முனை மெல்ல வளைய வேண்டும், விறைப்பாக நின்றால் தண்ணீர் போதவில்லை. அப்படிப்பட்ட நுரைதான் முகத்தில் காயும்.

பிரஷ் விஷயத்தில் உங்கள் வீட்டுக்குச் செயற்கை முடிதான் என் தேர்வு. பழைய நைலான் இல்லை. நுனி மெலிந்து வரும் புது வகை இழை, முடிக்கற்றையின் அடிவிட்டம் 24 மி.மீ. அளவில், மேலே தெரியும் உயரம் 50 மி.மீ. ஒட்டி இருக்கட்டும். ஊறவைக்க வேண்டாம், ஈரப்பதமான ஊரிலும் சீக்கிரம் உலரும், கிரீம் சோப்பு இரண்டுக்கும் ஒத்துவரும். பன்றி முடி விலை குறைவு. இத்தாலியின் ஒமேகா, போர்ச்சுகலின் செமோக் இரண்டும் இதில் பேர்போனவை. முதலில் முரடாக இருக்கும். பதினைந்து இருபது முறை நுரைத்த பிறகு முடியின் நுனி பிளந்து மிருதுவாகும். ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு நிமிடம் ஊற வேண்டும், இல்லாவிட்டால் நுரையிலிருக்கும் தண்ணீரை அதுவே குடித்துவிடும். எந்தப் பிரஷ்ஷுக்கும் கை பொறுக்கும் சூடுதான் எல்லை. கொதிநீர் அடிப் பசையை இளக்கிவிடும். முதல் வாரம் நாலைந்து முடி உதிர்வது இயல்பு. கொத்தாக வந்தால் பசை விட்டுவிட்டது என்று பொருள், திருப்பிக் கொடுங்கள்.

சைவம் என்றதால் ஒன்று: பிரஷ்ஷை மட்டும் பார்த்தால் போதாது. சோப்பு உறையில் 'டாலோவேட்' என்று முடியும் பெயர் இருந்தால் அது மாட்டுக் கொழுப்பு அல்லது ஆட்டுக் கொழுப்பு. ஆர்க்கோ குச்சி சோப்பு, மிட்செல்ஸ் வூல் ஃபேட் இரண்டும் அந்த வகை. தாவர எண்ணெயில் செய்த நல்ல சோப்புகளும் நிறைய உண்டு. ஸ்டியரிக் அமிலம் உறையின் பட்டியலில் முதலிடத்தில் இருக்கிறதா, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டியரிக் அமிலம் பனை எண்ணெயிலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும் என்பதால் பச்சைப் புள்ளி அல்லது தாவர மூலம் என்ற அறிவிப்பையும் தேடுங்கள்.


பித்தளைமூடி எழுதியது:

34சி நடுத்தர மென்மை கொண்ட ரேசர். அதே குணத்தில் இன்னொன்று வாங்கினால் எண்ணிக்கைதான் கூடும். எட்வின் ஜாக்கர் டி.இ.89-ம் மியூலே ஆர்89-ம் அருமையான ரேசர்கள்தான், ஆனால் இரண்டின் தலையும் ஒரே வடிவமைப்பு, 34சி-யிலிருந்து அதிக தூரமும் இல்லை. சேகரிப்பு என்றால் ஒன்று மற்றொன்றிலிருந்து முகத்துக்கே தெரியும்படி மாறுபட வேண்டும். அதனால் ஒரு பக்கம் மென்மைக்கு ஜில்லெட் டெக், மறுபக்கம் கடுமைக்குச் சீப்புப்பல் (அடித்தட்டின் ஓரத்தில் சீப்புபோல வெட்டிய பற்கள்) வைத்த ஒன்று, நடுவில் உங்கள் 34சி. முதல் ஆண்டுக்கு இந்த மூன்று தாராளம்.

ரேசரின் கடுமையை எல்லோரும் பிளேடு இடைவெளியை வைத்தே அளக்கிறார்கள். பிளேடின் விளிம்புக்கும் அடித்தட்டின் ஓரத்தில் தோலைத் தொடும் கம்பிக்கும் நடுவில் 0.5 மி.மீ. என்றால் மென்மை, 0.7-0.8 நடுத்தரம், 0.9-க்கு மேல் கவனம் தேவை என்பது பொதுக்கணக்கு. இது பாதி உண்மைதான். மேல்மூடியையும் கம்பியையும் தொட்டு ஒரு கோடு வரைந்தால் பிளேடு அதற்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான் முகத்தில் உறைக்கும். இடைவெளி பெரிதாக இருந்தும் நீட்டம் குறைவாக இருந்தால் ரேசர் சாதுவாகவே இருக்கும். மேல்மூடி பிளேடை விளிம்புக்கு மிக அருகில் அழுத்திப் பிடித்திருக்கிறதா என்பதும் முக்கியம். பிளேடின் தடிமன் வெறும் 0.1 மி.மீ., பிடிப்பு தளர்ந்தால் அது அதிரும். 'வெட்டுகிறது' என்று திட்டப்படும் பல ரேசர்களின் குறை இந்த அதிர்வுதான்.

பழைய ஜில்லெட்டுக்கு வருவோம். கிங் ஜில்லெட்டின் ரேசர் 1903-ல் விற்பனைக்கு வந்தது, காப்புரிமை 1904-ல் கிடைத்தது. அந்தக் கால 'ஓல்ட் டைப்' ரேசர்கள் சீப்புப்பல் கொண்டவை. 1930-களின் இறுதியில் டெக், 1947-ல் அடியைத் திருகினால் மேலே இரட்டைக் கதவு திறக்கும் சூப்பர் ஸ்பீட், 1958-ல் 1 முதல் 9 வரை எண் வைத்துக் கூட்டிக் குறைக்கும் தடித்த கைப்பிடி ரேசர் (சேகரிப்பாளர்கள் ஃபேட்பாய் என்பது இதைத்தான்), 1961 முதல் அதன் மெலிந்த தம்பி ஸ்லிம். அமெரிக்கத் தயாரிப்பில் 1951 முதல் தலையின் அடிப்பக்கம் ஓர் எழுத்தும் 1 முதல் 4 வரை ஓர் எண்ணும் பொறித்திருப்பார்கள். எண் என்பது காலாண்டு. 1955 'ஏ' என்று தொடங்கி ஆண்டுக்கு ஓர் எழுத்து ஏறும்: 1958 'டி', 1961 'ஜி', 1968 'என்'. இங்கிலாந்துத் தயாரிப்புகள் பலவற்றில் இந்தக் குறியீடே இருக்காது, அதனால் அது இல்லை என்பதற்காகப் போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய படங்கள் நான்கு: தலையின் அடிப்பக்கம் கிட்டத்தில், கதவுகள் மூடிய நிலையில் முன்னிருந்து, பிளேடு மாட்டி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பக்கவாட்டில், கைப்பிடியின் மரை இருக்கும் முனை. அடிப்பக்கம் காலத்தைச் சொல்லும். இரண்டு கதவும் ஒரே மட்டத்தில் மூடவில்லை என்றால் அது கீழே விழுந்த ரேசர், விட்டுவிடுங்கள். வெளிச்சத்தில் இரு பக்க இடைவெளியும் சமமாகத் தெரிய வேண்டும். சமமில்லை என்றால் அடித்தட்டு வளைந்திருக்கிறது அல்லது பல் நிமிர்ந்திருக்கிறது. ஓல்ட் டைப்பின் கைப்பிடி மெல்லிய குழாய் என்பதால் மரை முனையில் நீளவாக்கில் கீறல் விடும். படத்தில் மயிரிழைபோலத்தான் தெரியும், இறுக்க இறுக்கப் பெரிதாகும். இந்த நான்கு படங்களைத் தர மறுப்பவரிடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

கறுத்திருப்பதும் சோப்புப் படிந்திருப்பதும் குறையே இல்லை. அது கழுவினால் போய்விடும். முலாம் உரிந்து பித்தளை தெரிந்தால் விலை குறைய வேண்டும், ஆனால் ஷேவிங்குக்குத் தடையில்லை. புதுப்பொலிவோடு பளபளக்கும் 60 வயது ரேசரைக் கண்டால்தான் யோசிக்க வேண்டும். மறுமுலாம் பூசியதாக இருக்கலாம். மறுமுலாம் தவறில்லை, அதைச் சொல்லி விற்க வேண்டும். தேய்த்து மெருகேற்றும்போது எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கும், அதுதான் அடையாளம்.


தாம்பரத்தான் எழுதியது:

மிக்க நன்றி. தண்ணீர்ச் சோதனை செய்து பார்த்தேன், போர் தண்ணீர் பால்போலக் கலங்கியது. ஒரு ஸ்லிம் விலைக்கு வந்திருக்கிறது. அடியில் 'ஜே 2' என்று இருக்கிறது. கதவு சமமாக மூடுகிறது, ஆனால் எண் வளையம் திரும்பவில்லை. எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்தால் போகும் என்கிறார் விற்பவர். வாங்கலாமா?


பித்தளைமூடி எழுதியது:

1964 இரண்டாம் காலாண்டு. வளையம் இறுகியிருப்பது பெரும்பாலும் உள்ளே காய்ந்த சோப்புதான், உடைப்பு இல்லை. விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கலாம். ஆனால் எலுமிச்சை, புளி, வினிகர் எதுவும் கிட்டே வரக் கூடாது. பூஜைப் பாத்திரம் வெறும் பித்தளை, அதற்குப் புளி சரி. இது பித்தளை மேல் நிக்கல். அமிலம் முலாமின் நுண்துளை வழியே இறங்கி அடியிலிருக்கும் உலோகத்தை அரிக்கும். பித்தளை மெருகுப் பசையும் கூடாது, அது முலாமையே தேய்த்து எடுக்கும். தங்க முலாம் என்றால் ஒரே தேய்ப்பில் போய்விடும்.

வெதுவெதுப்பான ஆர்.ஓ. தண்ணீரில் சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் தலையின் அடியிலும் வளையத்தின் ஓரத்திலும் மிருதுவான பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, அடிக் குமிழைத் திறந்து மூடித் திறந்து மூடி அழுக்கை வெளியேற்றுங்கள். வளையத்தை இடுக்கியால் திருகவே கூடாது. விரலுக்கு இணங்கும்வரை தண்ணீரை மாற்றி மூன்று நான்கு இரவு ஊறவைத்தாலும் பரவாயில்லை. திரும்பத் தொடங்கியதும் நன்றாக உலரவைத்து, மினரல் ஆயில் ஒரே ஒரு சொட்டு தண்டின் வழியே விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசுக்காகி மறுபடி இறுகும். வளையத்தில் எண் நிலையை மாற்றும்போது குமிழைச் சற்றுத் தளர்த்திவிட்டுத் திருப்புங்கள், பிளேடு முழு இறுக்கத்தில் இருக்கும்போது திருப்பினால் உள்ளே தேயும். 70 சதவீத ஆல்கஹாலில் கடைசியாக ஒரு முறை துடைத்துவிட்டால் கிருமி பயமும் இல்லை.

உங்கள் 34சி-க்கும் இதில் பாடம் உண்டு. அதன் தலை ஜாமக், அதாவது துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே குரோம் பூசியது. குரோமில் ஒரு கீறல் விழுந்தால் அமிலம் துத்தநாகத்தைத் தின்று உப்பிக்கொள்ளும். அதோடு வார்ப்பு நொறுங்கும் தன்மை கொண்டது. வழுக்கித் தரையில் விழுந்தால் பித்தளை நசுங்கும், ஜாமக் மரை முறிந்துவிடும்.


மரைக்கணக்கு எழுதியது:

பித்தளைமூடி சொன்னதில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். பழையதைத் தேடிக் காத்திருக்க நேரமில்லாதவருக்கு அடித்தட்டு மாற்றும் ரேசர் நல்ல வழி. ராக்வெல் என்ற நிறுவனத்தின் இவ்வகை ரேசரில் மூன்று தட்டு, இரண்டு பக்கமும் பயன்படுவதால் ஆறு நிலை. கூட்டிக் குறைப்பதில் நகரும் உறுப்பு எதுவும் இல்லாததால் இறுகவும் தேயவும் எதுவுமில்லை. இந்தியாவில் செய்யும் பார்க்கர் ரேசர்களும் இங்கே எளிதில் கிடைக்கின்றன, உதிரி கேட்டாலும் அலைச்சல் குறைவு.

கைப்பிடி மாற்றி விளையாடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இன்றைய மூன்று துண்டு ரேசர்கள் (மூடி, அடித்தட்டு, கைப்பிடி எனப் பிரிபவை) பெரும்பாலும் எம்5 மரை, விட்டம் 5 மி.மீ., புரிக்குப் புரி 0.8 மி.மீ. பழைய டெக்கின் மரை அமெரிக்க 10-32 அளவு, விட்டம் 4.83 மி.மீ., புரி ஏறக்குறைய 0.79. பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும். பழைய தலை புதுக் கைப்பிடியில் ஆடிக்கொண்டே ஏறும். புதுத் தலையைப் பழைய கைப்பிடியில் ஏற்றினால் இரண்டு சுற்று போய் இறுகும், அங்கேயே நிறுத்திவிடுங்கள். இன்னும் அழுத்தினால் மென்மையான பித்தளை மரைதான் முதலில் சிதையும்.

பிளேடில் பணம் அதிகம் போடத் தேவையில்லை. ஐந்து வகை, வகைக்கு ஐந்து பிளேடு வாங்குங்கள். ஜப்பானின் ஃபெதர் கூர்மையின் ஓர் எல்லை, துருக்கியின் டெர்பி மென்மையின் மறு எல்லை. நடுவில் நம் கடைகளில் கிடைக்கும் செவன் ஓ'கிளாக் போன்றவை. ஒரு வாரத்துக்கு ஒரே ரேசர், ஒரே சோப்பு, பிளேடை மட்டும் மாற்றுங்கள். ரேசரையும் பிளேடையும் ஒரே நாளில் மாற்றினால் எரிச்சல் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. மூன்று முதல் ஐந்து ஷேவிங்கில் தூக்கி எறிந்துவிடலாம். விளிம்பைத் துண்டால் துடைக்காதீர்கள், மேலே இருக்கும் நுண்பூச்சு போய்விடும். தண்ணீரில் அலசி உதறினால் போதும்.

படிகாரத்தை மறந்துவிட்டீர்கள். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் கட்டி போதும், கூரான விளிம்பை மட்டும் ஓடும் தண்ணீரில் தேய்த்து மழுக்கிக்கொள்ளுங்கள். ஷேவிங் முடிந்து ஈர முகத்தில் தடவினால் எங்கே கடுகடுக்கிறதோ அங்கே கை அழுத்தியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு நிமிடம் விட்டுக் கழுவுங்கள். புது ரேசரின் குணத்தைப் படிக்க இதைவிட நல்ல கருவி கிடையாது.


சாணைக்கல் எழுதியது:

சவரக்கத்திக்குத் தனி ஆண்டு, தனிப் பணம் ஒதுக்குங்கள். கத்தி மட்டும் வாங்கி ஆகப்போவதில்லை. தீட்டும் தோல்வார் கட்டாயம், பிறகு 1000, 4000, 8000, 12000 என்று எண் ஏற ஏற நுண்மை கூடும் சாணைக்கற்கள். கற்களைத் தள்ளிப்போட்டு, தீட்டிக் கொடுப்பவரிடம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். வாரைத் தள்ளிப்போட முடியாது, ஒவ்வொரு ஷேவிங்குக்கும் முன் தோலில் 40 முறையாவது இழுக்க வேண்டும். முனையில் திருப்பும்போது கத்தியின் முதுகு தோலை விட்டு எழக் கூடாது, விளிம்பில் திருப்பினால் வாரும் வெட்டுப்படும், கூரும் போகும். புதிதாகப் பழகுபவர் எல்லோரும் முதல் வாரை வெட்டுவார்கள், அதனால் முதலில் மலிவானதே போதும்.

அதற்கு முன் சலூனில் பார்க்கிறோமே, பாதி பிளேடு மாட்டும் கத்தி, அதில் கன்னத்தை மட்டும் இரண்டு மாதம் பழகுங்கள். பிளேடைக் காகித உறையோடு சேர்த்து மடித்துப் பாதியாக முறித்தால் கையில் வெட்டுப்படாது. கோணம் 30 பாகைக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எடை குறைவு என்பதால் கை தானாக அழுத்தும், அதுதான் இதன் ஆபத்து.

பழைய கத்தி வாங்கும்போது அகலம் 5/8 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். விளிம்பு சிரிக்கும் வாய்போல வெளியே வளைந்திருந்தால் சரி, உள்ளே குழிந்திருந்தால் தவறாகத் தீட்டிய கத்தி. முதுகில் அகலமாகத் தட்டையான பட்டை தெரிந்தால் நிறைய உலோகம் போய்விட்டது. மேற்பரப்புத் துரு போகும். விளிம்பில் துருக்குழி இருந்தால் எந்தக் கல்லும் காப்பாற்றாது. செல்லுலாய்ட் கைப்பிடியில் காரமான நெடி அடித்து, பொடிப்பொடியாக உதிர்ந்தால் வாங்கவே வேண்டாம். அதிலிருந்து வரும் ஆவி அந்தக் கத்தியையும் பக்கத்துக் கத்தியையும் துருவாக்கும். யானைத்தந்தக் கைப்பிடி என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே தந்த வணிகம் குற்றம்.

எல்லாவற்றையும் குளியலறைக்கு வெளியே வையுங்கள். ரேசருக்குள் பிளேடை விட்டுவைக்காதீர்கள். பிரஷ் முழுக்கக் காய்ந்த பிறகே பெட்டிக்குள் போகட்டும், பூச்சிக்கு அந்துருண்டை போட்டால் அந்த நெடி முகத்துக்கு வரும், வேப்பிலை போதும். தோலுறைப் பழைய பெட்டிகள் ஈரத்தைப் பிடித்துவைக்கும், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று உள்ளே வைத்து மாதம் ஒரு முறை மாற்றுங்கள். தீர்ந்த பிளேடுகளுக்குப் பழைய பவுடர் டப்பாவில் ஒரு கீறல் போட்டு உள்ளே தள்ளுங்கள். காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போட்டால் அது தூய்மைப் பணியாளரின் விரலில்தான் போய் முடியும். டப்பா நிறைந்ததும் கீறலை டேப் ஒட்டி மூடி, 'பிளேடு' என்று பெரிதாக எழுதி, குப்பையோடு சேர்க்காமல் தனியாகக் கையில் கொடுங்கள்.